என் தங்கை கேள்வி கேட்கப் போன கதை

என் தங்கை கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். எங்கள் பகுதியில் லைசென்ஸ் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள்தான். அவள் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. ‘பிரேக் அக்கா’ என்று கேட்டால் பஸ்ஸுக்கு நிற்பவர்கூட வழி காட்டுவார். டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுபவர் தடுமாறினால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அதை மிதித்து வண்டியை நிறுத்திவிடலாம். அந்தப் பிரேக்குக்கு என் தங்கையைப் போல வேலை கொடுத்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். வண்டி நாயைக் கண்டால் நிற்கும், குழியைக் கண்டால் நிற்கும், அடுத்த தெருவில் லாரி திரும்பும் சத்தம் கேட்டாலும் நிற்கும்.

“அக்கா, அந்த லாரி இன்னும் ரொம்ப தூரத்துல இருக்கு” என்று ஒரு பல் டாக்டர் அவளிடம் கெஞ்சியிருக்கிறார்.

“தூரத்துல இருக்கும்போதுதான் சார் பிரேக் போடணும். மேல ஏறின பிறகு போட்டா அதுக்குப் பேரு வேற.”

நான் தையல்காரன். எட்டாவதோடு படிப்பை நிறுத்திக்கொண்டவன். புதுத் துணி தைப்பதைவிட, தொளதொளத்ததைப் பிடித்துத் தருவது, இறுகிப்போனதை விட்டுத் தருவது, ஜிப் மாற்றுவது என்று ஆல்டரேஷன் வேலைதான் எனக்கு அதிகம். அதனால் எதையும் இரண்டு முறை அளந்து பார்க்கும் பழக்கம் உண்டு. இதை எழுதும்போதும் அப்படித்தான் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். அடுத்தவருடைய விஷயத்தை அவரிடம் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

தங்கையின் வீட்டுக்காரர், அதாவது எங்கள் மாப்பிள்ளை, பெயிண்டர். வீடுகளுக்கு வெள்ளையடிப்பார், கடைகளுக்கு வர்ணம் பூசுவார். கல்யாணச் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தபோதே முழங்கையில் நீலமும் காதோரம் மஞ்சளும் ஒட்டியிருந்தன. “மச்சான், எந்தக் கலர் துணி வேணாலும் எடுங்க. எங்கிட்ட எல்லாத்துக்கும் மேட்ச் இருக்கு” என்று காதைக் காட்டினார். அன்றைக்குத் தொடங்கிய சிரிப்பு அந்த வீட்டில் ஓய்ந்ததே இல்லை. அவள் சத்தம் போடுவாள், அவர் அதற்கு ஒரு வார்த்தை சொல்வார், அவள் சத்தம் போடுவதை மறந்து சிரித்துவிடுவாள்.

அவருக்கு வந்த நோய் குணமாகிற நோய் இல்லை. கடைசி வாரங்களில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு தனிப் பிரிவில் சேர்த்தோம். வைத்தியத்துக்கு மிஞ்சியவர்களை வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளும் பிரிவு அது. அங்கேயும் அவருக்கு ஒரே கவலை சுவரைப் பற்றித்தான்.

“சிஸ்டர், இது என்ன கலர்?”

“பச்சை.”

“இது பச்சை இல்ல சிஸ்டர். பச்சைக்கு உடம்பு சரியில்லன்னா வர்ற கலர்.”

அந்த நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் ஊசியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் சிரித்துவிட்டு வந்தார். இப்படித்தான் போனார் எங்கள் மாப்பிள்ளை. வலி இல்லாமல், சுவரைக் குறை சொல்லிக்கொண்டே.

அதன்பிறகு என் தங்கைக்கு ஒரு புதிய தொல்லை வந்தது. அவளைக் கண்டதும் எல்லோரும் குரலைத் தாழ்த்தினார்கள். காய்கறிக் கடைக்காரர் விலையைக்கூடக் காதில் சொன்னார். கார் கற்றுக்கொள்ள வருபவர்கள் அவள் திட்டினால் பதில் பேசாமல் தலையாட்டினார்கள்.

“செத்தது அவரு. என்னை ஏண்ணா எல்லாரும் லைப்ரரி மாதிரி நடத்துறாங்க?” என்று கடைக்கு வந்து கேட்டாள். “‘எப்படி இருக்கே, எப்படி இருக்கே’ன்னு நூறு பேரு கேட்டாச்சு. அவரு எப்படி இருந்தாருன்னு ஒரு ஆளு கேக்கல. அந்தப் பச்சைக் கலர் கதையை நான் யாருகிட்ட சொல்றது?”

“எங்கிட்ட சொல்லு.”

“நீதான் அப்ப பக்கத்துல நின்னியே!”

ஆஸ்பத்திரியிலிருந்து அவளுக்குப் போன் வந்தது இந்தச் சமயத்தில்தான். அதே ஆஸ்பத்திரியோடு சேர்ந்த நர்சிங் கல்லூரியில் ஓர் ஆராய்ச்சி நடக்கப் போகிறதாம். சாகப்போகிறவர்களை எப்படி இன்னும் நன்றாகக் கவனித்துக்கொள்வது என்பதுதான் விஷயம். கூட இருந்து பார்த்த சொந்தக்காரர்களிடம் கேட்கப் போகிறார்கள்.

“உன்னை ஆராய்ச்சி பண்ணப் போறாங்களா?” என்றேன்.

“அதான் இல்லயாம். என்னோட சேர்ந்து ஆராய்ச்சி பண்ணப் போறாங்களாம். என்ன கேக்கணும், எப்படிக் கேக்கணும்னு நாங்களும் உக்காந்து முடிவு பண்ணணுமாம். எனக்கே புரியலண்ணா. நீயும் வா.”

நானும் போனேன். ஸ்டோர் ரூமுக்குப் பக்கத்தில் ஒரு நீண்ட அறை. நீண்ட மேஜை, பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் மடித்து வைத்த ஒரு சக்கர நாற்காலி. அந்த ஆராய்ச்சியை நடத்துபவர் ஒரு இளம் பெண். கண்ணாடி போட்டவர், மெதுவாகப் பேசுபவர். நாங்கள் எல்லோரும் அவரை ‘மேடம்’ என்றோம். அவர் என்னைப் பார்த்து, “நீங்க?” என்றார்.

“இவளுக்கு அண்ணன்.”

“அவங்க வீட்டுக்காரருக்கு?”

“மச்சான்.”

“அப்போ நீங்களும் சொந்தக்காரர்தானே சார். ஏன் கதவுகிட்ட நிக்கிறீங்க? உக்காருங்க.”

எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. எங்களைத் தவிர இன்னும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தபால்காரர். மனைவியை அந்த ஆஸ்பத்திரியில் பறிகொடுத்தவர். இன்னொருவர் கணக்கு டீச்சர். அவருடைய அப்பா அங்கேதான் இறந்தார். மேஜையில் ஆளுக்கு ஒன்றாகக் கண் துடைக்கும் காகித டப்பாக்கள் வைத்திருந்தார்கள். என் தங்கை தன் டப்பாவைத் தூக்கிப் பார்த்தாள்.

“மேடம், இது ஆளுக்கு ஒரு டப்பாவா? முடிச்சாத்தான் வீட்டுக்கு விடுவீங்களா?”

மேடத்தின் முகம் சிவந்துவிட்டது. தபால்காரர் ஒரு தாளை உருவித் தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “நல்ல காகிதம்மா. நமக்கு உதவும்” என்றார். டீச்சர் முதலில் சிரித்தார். பிறகு மேடமும் சிரித்தார். அவ்வளவுதான், அந்த அறையில் தாழ்ந்திருந்த குரலெல்லாம் எழும்பிவிட்டது.

அந்த வேலை எனக்குப் பிடித்தது. துணியை வெட்டுவதற்கு முன்னால் மேஜையில் விரித்து வைத்து யோசிப்போமே, அப்படி யோசித்தார்கள். ஒருவர் இறந்து எத்தனை மாதம் கழித்து வீட்டுக்காரர்களைக் கூப்பிடலாம் என்று ஒரு மத்தியானம் முழுக்கப் பேச்சு. டீச்சர் சீக்கிரம் கேட்க வேண்டும் என்றார், எல்லாம் ஞாபகத்தில் இருக்கும். தபால்காரர் கூடாது என்றார், முதல் மாதங்களில் அவருக்கு வீட்டு போன் அடித்தாலே கோபம் வருமாம்.

“அதை அவங்ககிட்டயே கேட்டா என்ன?” என்றாள் என் தங்கை. “‘இப்போ பேசலாமா, இல்ல கொஞ்ச நாள் போகட்டுமா’ன்னு. லைசென்ஸ் டெஸ்டா என்ன, நாமளே தேதி போட?”

அதை மேடம் எழுதிக்கொண்டார். ஆனால் அவள் சொன்னதெல்லாம் நடந்துவிடவில்லை. காரில் கூட்டிக்கொண்டு போய்க் கேள்வி கேட்கலாம் என்று ஒரு யோசனை சொன்னாள். ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினால் மனம்விட்டுப் பேசுவார்களாம்.

“ரெக்கார்டர்ல ஹார்ன் சத்தம் மட்டும்தான்க்கா இருக்கும்” என்றார் மேடம்.

“நம்ம அக்கா ஓட்டினா பிரேக் சத்தமும் இருக்கும்” என்றார் டீச்சர். அவரும் அவளிடம் கற்றுக்கொண்டவர்தான்.

கேள்வி கேட்கப் போகிறவர்கள் யார் என்ற பேச்சு வந்தபோதுதான் என் தங்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள். மேடத்தின் திட்டம் இதுதான்: வீடுகளுக்கு அவர் தனியாகப் போகப் போவதில்லை. கூட ஒருவரை அழைத்துப் போவார். கேள்விகளைக் கூட வருபவர்தான் கேட்பார். அவரும் ஒரு உறவைப் பறிகொடுத்தவராக இருப்பார். தன்னைப் போல ஒருவர் எதிரில் உட்கார்ந்தால் பேசுவது சுலபம் என்பது எண்ணம். கல்லூரியில் இதற்கென்று ஒரு நெறிமுறைக் குழு உண்டு. துக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆராய்ச்சியால் எந்தச் சங்கடமும் வந்துவிடக் கூடாது என்று பார்ப்பது அவர்கள் வேலை. அவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். போகிறவர் முதலில் எங்களுக்குள்ளேயே ஒருவரிடம் கேள்வி கேட்டுப் பழக வேண்டும். அந்தப் பேச்சைப் பதிவு செய்து மேடம் கேட்பார், குழுவும் கேட்கும். சரி என்றால்தான் வெளியே அனுப்புவார்கள்.

இடம் இரண்டு. தபால்காரருக்கு ஒன்று முதல் தடவையிலேயே கிடைத்துவிட்டது. வாழ்நாளெல்லாம் கதவைத் தட்டிவிட்டுக் காத்து நின்றவர், பேச்சிலும் அப்படியே காத்திருந்தார். இன்னொரு இடத்துக்கு என் தங்கையும் டீச்சரும்.

“அண்ணா, எனக்கு அந்த இடம் வேணும்” என்று வீட்டுக்குத் திரும்பும்போது சொன்னாள். எதையும் விளையாட்டாகச் சொல்பவள் அன்றைக்கு அப்படிச் சொல்லவில்லை. “எங்கிட்ட யாரும் கேக்காம விட்டுட்டாங்கல்ல? நான் போய்க் கேக்கணும். உங்க ஆளு எப்படி இருந்தாரு, சொல்லுங்கன்னு. கொஞ்சம் பேருகிட்டயாவது கேக்கணும்ணா.”

அவள் பழகிப் பார்த்தது டீச்சரிடம். ஸ்டோர் ரூமில் பிளீச்சிங் பவுடர் மூட்டைகளுக்கு நடுவில் இரண்டு நாற்காலி போட்டு, கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே இருந்த எங்களுக்குச் சிரிப்புச் சத்தமாகக் கேட்டது. பிரமாதமாக நடக்கிறது என்று நான் மனதுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பிறகு டீச்சர் சம்மதம் சொன்னதும் மேடம் பதிவை எங்கள் எல்லோருக்கும் போட்டுக்காட்டினார்.

டீச்சர் குரல்: “அன்னிக்கு சாயங்காலம் அப்பா என்னைப் பாத்து கையை நீட்டினாரு…”

என் தங்கை குரல்: “தண்ணி குடிக்கிறீங்களா டீச்சர்?”

“இல்லக்கா, பரவால்ல. கையை நீட்டி என்னை…”

“எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான். கையை நீட்டினா டிவி ரிமோட்டுன்னு அர்த்தம்!”

அடுத்து ஒரே சிரிப்பு. அப்புறம் ரிமோட்டைப் பற்றிப் பேச்சு, டிவியைப் பற்றிப் பேச்சு, பக்கத்து வீட்டு டிவியின் சத்தத்தைப் பற்றிப் பேச்சு. பதிவு முடிந்துவிட்டது.

தபால்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். “அந்தக் கை என்னம்மா ஆச்சு?”

“எந்தக் கை?” என்றாள் என் தங்கை.

“டீச்சரோட அப்பா நீட்டின கை. அது அப்படியே நிக்குதே!”

“நான் சொல்லவே இல்ல சார்” என்றார் டீச்சர்.

“ஏன் சொல்லல?”

“சொல்ல விட்டாத்தானே!”

எல்லோரும் சிரித்தோம். என் தங்கையும் எங்களோடு சிரித்தாள். ஆனால் எங்களுக்கு முன்னால் அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

“பேச்சு ரொம்ப நல்லா இருக்குக்கா. எனக்கே சிரிப்பு தாங்கல. ஆனா…” என்றார் மேடம்.

“ஆனான்னு வந்தாச்சு. சொல்லிடுங்க மேடம்.”

“அவங்க போக நினைச்ச இடத்துக்கு அவங்களைப் போக விடல.”

“அங்க போனா அழுதுடுவாங்களே மேடம்!”

“அழட்டுமே. வேண்டாம்னா நிறுத்தச் சொல்ற உரிமை அவங்களுக்கு இருக்கு. அதை நாம முதல்லயே சொல்லித்தானே ஆரம்பிக்கிறோம். அவங்களுக்காக நாம நிறுத்தக் கூடாது.”

இன்னொரு வாய்ப்பு தருவதாக மேடம் சொன்னார். அதுவும் இப்படிப் போனால் டீச்சர்தான் போவார். டீச்சர் பெரிய மனதுக்காரர். “நீங்களே வாங்கக்கா, எனக்கு லீவு கிடைக்கிறது கஷ்டம்” என்றார். அதில் என் தங்கைக்கு இன்னும் வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் மத்தியானம் என் கடைக்கு வந்தாள். தையல் மெஷினை நிறுத்தச் சொன்னாள். வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலை என் எதிரில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். போனை மேஜைமேல் நூல்கண்டுகளுக்கு நடுவில் வைத்து, பதிவு செய்யும் பொத்தானை அழுத்தினாள்.

“சொல்லுங்க. உங்க மாப்பிள்ளை எப்படிப்பட்டவரு?”

“என்னடி, ‘சொல்லுங்க’ எல்லாம்?”

“ரெக்கார்ட் ஆகுதுண்ணா! ஒழுங்கா பேசு.”

ஒழுங்காகப் பேசினேன். காதோரம் மஞ்சள் பூசிக்கொண்டு அளவு கொடுக்க வந்த கதையைச் சொன்னேன். என் கடைக்குப் பெயர்ப் பலகை எழுதுகிறேன் என்று ஏணியில் ஏறியவர், எழுத்தைவிடத் தரையில் கொட்டிய பெயிண்ட்தான் அழகாக இருக்கிறது என்று அதைச் சுற்றி ஒரு கோடு போட்டுவிட்டுப் போன கதையைச் சொன்னேன். அந்தக் கறை இப்போதும் கடை வாசலில் இருக்கிறது. அவள் நன்றாகத் தலையாட்டினாள், நடுவில் பேசவில்லை. பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டே மேலே போனேன்.

“கடைசியில அவரு ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு உதவி கேட்டாரு…”

“டீ சொல்லட்டுமாண்ணா?”

நான் பேச்சை நிறுத்திவிட்டேன். எதற்கோ குனிந்து பார்த்தேன். அவளுடைய வலது கால் ஸ்டூலுக்கு அடியில் தரையை அழுத்திக்கொண்டு இருந்தது. செருப்பின் முனை வளைந்து, கால்விரல்கள் வெளுத்துப் போகிற அளவுக்கு அழுத்தம். கையிலிருந்த அளவு டேப்பால் அதைச் சுட்டிக்காட்டினேன்.

“என்ன?” என்று குனிந்தாள். பார்த்தாள். “அய்யய்யோ!” என்று கத்தினாள்.

“வண்டி நின்னுடுச்சா?” என்றேன்.

அதற்குப் பிறகு எங்களால் பேச முடியவில்லை. அவள் மேஜைமேல் தலையை வைத்துச் சிரித்தாள், நான் மெஷின்மேல் சாய்ந்து சிரித்தேன். பக்கத்துக் கடை சாவிக்காரர் எட்டிப் பார்த்து, “என்ன பாஸ், எதாவது உடைஞ்சு போச்சா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

“இருபது வருஷமா இதுதாண்ணா என் பொழைப்பு” என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு. “குழி வர்றது எனக்குத் தெரியும். ஓட்டுறவங்களுக்கு முன்னாடியே தெரியும். காலு தானா போயிடுது. காலு போனா வாயும் போயிடுது.”

சற்று யோசித்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கால்களையும் ஸ்டூல்மேல் தூக்கி, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அந்தச் சின்ன ஸ்டூலில் அது லேசான காரியம் இல்லை. மேஜை விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

“இப்போ சொல்லு. என்ன உதவி கேட்டாரு?”

சொன்னேன். யாரிடமும் சொல்லாத விஷயம் அது. மாப்பிள்ளைக்கு உடம்பு இளைத்துக்கொண்டே வந்த நாட்களில் ஒருநாள் தன் சட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுவந்தார். “மச்சான், இதையெல்லாம் பக்கவாட்டுல பிடிச்சுக் குடுங்க. தோளையும் குறைங்க. சட்டை தொளதொளன்னு தொங்கினா அவ பயந்துடுவா. கச்சிதமா இருந்தா கண்டுபிடிக்க மாட்டா” என்றார். நானும் பிடித்துக் கொடுத்தேன். சில வாரம் கழித்து மறுபடி வந்தார், மறுபடி பிடித்தேன். காலரைக் கழற்றிச் சின்னதாக்கினேன். தையல் தடம் தெரியாமல் உள்பக்கமாகவே தைத்தேன். நான் செய்த வேலைகளிலேயே அதுதான் நல்ல வேலை. அதைப் பார்த்து யாரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடக் கூடாது என்பதுதான் அந்த வேலையே.

இதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் தண்ணீர் தரவில்லை. டீ சொல்லவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். நான் அழுது முடிக்கிறவரை பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர், துடைக்கவில்லை.

“முடிஞ்சுதா?” என்றாள்.

“ம்.”

“ரெக்கார்டரை நிறுத்திடட்டுமா?”

“நிறுத்து.”

நிறுத்தினாள். பிறகு சொன்னாள்: “எனக்குத் தெரியும்ணா.”

“என்ன தெரியும்?”

“சட்டையைப் பிடிச்சது. இஸ்திரி போடுறவளுக்குத் தெரியாதா? உள்பக்கம் தையல் ரெண்டு இருந்துச்சு, நூலு புதுசு.”

“தடம் தெரியாமத்தானே தச்சேன்!”

“உனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சுது.”

எனக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது, தொழில் இல்லையா? “அப்போ ஏன் ஒண்ணும் கேக்கல?”

“அவரு இளைச்சது அவருக்குத் தெரியக் கூடாதுன்னு நீயா செய்யிறேன்னு நினைச்சேன். அதனால நானும் சேந்துக்கிட்டேன். அவரு கண்ணாடி முன்னாடி நின்னா, ‘அப்படியே இருக்கீங்க, கல்யாணச் சட்டை மாதிரி நிக்குது’ம்பேன். அவரும் ‘ஆமா’ம்பாரு. பேன்ட்டுல எலாஸ்டிக்கை நான்தான் மாத்தினேன். உங்கிட்ட சொல்லல.”

“அந்தக் கேவலமான தையல் உன்னோடதா! மாப்பிள்ளை தானே தச்சுக்கிட்டாருன்னு நினைச்சேன்.”

“கேவலமா? நிக்குதா இல்லயா?”

அவர் அவளுக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தார். அவள் அவருக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தாள். நடுவில் நான் தடம் தெரியாமல் தைத்துக்கொண்டிருந்தேன். யாரும் யாரிடமும் ஏமாறவில்லை. இதை நினைத்து நினைத்து நாங்கள் சிரித்தோம். சாவிக்காரர் இரண்டாவது முறை எட்டிப் பார்க்கவில்லை.

அந்தப் பதிவை என்னிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு மேடத்திடம் கொண்டுபோனாள். மேடம் அதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஆராய்ச்சிப் புத்தகங்களில் மறைப்பது என்றாலே கெட்டது என்று எழுதியிருக்கிறதாம். இப்படி அன்பாக மறைப்பதைப் பற்றி அதிகம் இல்லையாம். மற்றவர்களிடமும் இப்படி ஏதாவது உண்டா என்று கேட்டார்.

தபால்காரர் செருமினார். “நான் சமையல் கத்துக்கிட்டேன்னு என் வீட்டுக்காரிகிட்ட சொன்னேன். ‘நான் போன பிறகு இந்த மனுஷன் பட்டினி கிடப்பாரே’ன்னு அவளுக்குக் கவலை. தினம் டிபன் கேரியர்ல கொண்டுபோய், ‘நானே செஞ்சது’ன்னு ஊட்டுவேன். எல்லாம் தெரு முக்குக் கடை சாப்பாடு.”

“கண்டுபிடிக்கலயா?”

“‘உப்பு மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கோங்க’ன்னா. நான் போய்க் கடைக்காரன்கிட்ட சொல்லிட்டு வந்தேன்.”

இப்படித்தான் அந்த ஆராய்ச்சியில் புதிதாக ஒரு கேள்வி சேர்ந்தது: அவங்களுக்குத் தெரியாம அவங்களுக்காக ஏதாவது செஞ்சீங்களா? என் தங்கை அதை முதல் கேள்வியாக வைக்கச் சொன்னாள். மேடம் முடியாது என்றார். “எடுத்ததும் கேட்டா திருட்டுப் பட்டம் கட்டுற மாதிரி இருக்கும்க்கா. பழகின பிறகு கேக்கலாம்.” அது நியாயம்தான். முதல் கேள்வி, அவங்க எப்படிப்பட்டவங்க என்பது. அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

இரண்டாவது முறை டீச்சரிடம் உட்கார்ந்தபோது என் தங்கை நாற்காலியில் சம்மணம் போட்டுக்கொண்டாள். மேடம் கொஞ்சம் தயங்கினார்.

“இப்படியா உக்காரப் போறீங்க?”

“காலு கீழ இருந்தா வாய் சும்மா இருக்காது மேடம்.”

அந்த முறை வெளியே எங்களுக்குச் சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. கடைசியில் கேட்டது. கதவைத் திறந்து டீச்சர் வந்தபோது முகமெல்லாம் ஈரம், வாயெல்லாம் சிரிப்பு. அந்தக் கை என்ன ஆயிற்று என்பதை நான் எழுதப் போவதில்லை. அது டீச்சருடையது. தபால்காரரும் நானும் அதைத் தெரிந்துகொண்டு அன்றைக்கு நிம்மதியாக வீட்டுக்குப் போனோம் என்பது மட்டும் உண்மை.

குழு அந்தப் பதிவைக் கேட்டது. அவளைப் போகலாம் என்று சொல்லிவிட்டது. மேடம் போன் செய்தபோது என் தங்கை ஒரு மாணவருக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருந்தாளாம். சந்தோஷத்தில் அவள் போட்ட கூச்சலுக்கு அந்த மாணவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போய்ப் பின்னால் பார்த்திருக்கிறார், யார்மேல் ஏற்றினோம் என்று.

முதல் வீட்டுக்குப் போகிற அன்றைக்கு என்னையும் வரச் சொன்னாள். “நீ வந்தா தைரியமா இருக்கும். ஆனா உள்ள வரக் கூடாது, ஆமா.” அவளுக்குத் தைரியம் வேண்டியிருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். வண்டியை எடுப்பதற்கு முன்னால், நான் தைத்துக் கொடுத்த புது ஜாக்கெட்டின் கைப் பொத்தானைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். மேடம் பின் சீட்டில் ரெக்கார்டரை எடுத்து எடுத்துச் சரிபார்த்துக்கொண்டு வந்தார். அவருக்கும் இது முதல் வீடு.

அது எந்தத் தெரு, யார் வீடு என்று எழுதக் கூடாது. ஒரு வீடு, அவ்வளவுதான். சுவரில் சைக்கிள் ஒன்று சாய்ந்திருந்தது. கணவரைப் பறிகொடுத்த ஒரு அம்மா வந்து கதவைத் திறந்தார். தலை கலைந்திருந்தது, முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. இருவரும் உள்ளே போனார்கள். நான் காரில் உட்கார்ந்து, கொண்டுபோயிருந்த ஒரு சட்டையின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்தேன். ஜன்னல் திறந்திருந்தது. வார்த்தைகள் கேட்கவில்லை, குரல் மட்டும் கேட்டது. அந்த அம்மாவின் குரல்தான். என் தங்கையின் குரல் எங்கே என்று தேடினேன். எப்போதாவது ஒரு வார்த்தை, அவ்வளவுதான். ஒருமுறை எல்லாம் அடங்கிவிட்டது. ஊசியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்த அம்மா மறுபடி பேச ஆரம்பித்தார். இந்தத் தடவை குரல் வேறு மாதிரி, யாரையோ நடித்துக்காட்டுகிற மாதிரி இருந்தது. அதன்பிறகு மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

நெடுநேரம் கழித்து வாசலுக்கு வந்தார்கள். கும்பிடு போட்டாயிற்று, நன்றி சொல்லியாயிற்று, மேடம் ரெக்கார்டரைப் பைக்குள் போட்டுவிட்டார். அந்த அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன்…”

என் தங்கை மேடத்தைப் பார்த்தாள். மேடம் என் தங்கையைப் பார்த்தார்.

“உள்ள போலாமா?” என்றாள் என் தங்கை அந்த அம்மாவிடம். மேடம் பையைக் கவிழ்த்து ரெக்கார்டரைத் தேடிக்கொண்டே அவர்கள் பின்னால் ஓடினார்.

திரும்பி வரும்போது மேடத்தைக் கல்லூரியில் இறக்கிவிட்டோம். அப்புறம் நான் கேட்டேன்: “என்ன சொன்னாங்க?”

“சொல்லக் கூடாதுண்ணா.”

“எங்கிட்ட கூடவா?”

“உங்கிட்ட கூட.”

வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூட ஊருக்கே சொல்கிறவள் அவள். அன்றைக்கு ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை என்னால். சிக்னலில் வண்டி நின்றது. அவள் தனக்குள் எதையோ நினைத்துச் சிரித்தாள். எதற்கு என்று கேட்டேன். தலையை ஆட்டினாள்.

“ஒண்ணு மட்டும் சொல்லலாம்” என்றாள். “அந்த மனுஷன் ரொம்ப நல்ல ஆளுண்ணா. உனக்குப் பிடிக்கும்.”